கடலுக்குள் கணக்கெழுதும் பிள்ளைகள்

போன வருஷம் ஏப்ரலில் என் மகள் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேல் வைத்தாள். ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, அதன் வழியாகக் கடல் அறிவியலும் கடல் பாதுகாப்பும் படிக்கிற பதின்ம வயதுப் பிள்ளைகளின் குழு ஒன்றில் சேரப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அவளுக்கு அப்போது 12 வயது. நான் இன்ஷூரன்ஸ் மென்பொருளில் வேலை செய்கிறவள். பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பது தொழில் பழக்கம். மூன்றாம் பக்கத்தில் 'இறப்பு' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. படிவத்தை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். மூன்று வாரம் அங்கேயே கிடந்தது.

நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இன்ஜினியரிங் முதல் வருஷம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி இருந்ததால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் தெருவுக்கு வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடற்கரைக்குப் போனதில்லை. ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்தில் பத்து வருஷமாக இருக்கிறேன். பீச் அரை மணி நேரம்தான். மணலைத் தாண்டி நான் கால் வைத்ததில்லை.

என் கணவர் ஈரோட்டுக்காரர். அவருக்குக் கடல் என்றால் மெரினாவில் சுண்டல் தின்கிற இடம். அவர்தான் ஒரு நாள் ராத்திரி சொன்னார்: "உன் பயத்த அவளுக்குச் சீதனமா குடுக்காத." ஊரிலிருந்து அம்மா போனில் வேறு மாதிரிச் சொன்னார்: "ஏண்டி, இருக்கிற பாட்டு டான்ஸெல்லாம் பத்தாதுன்னு புள்ளைய கடலுக்குள்ள அனுப்புறியா?" இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இதை எழுதுவது ஸ்கூபாவுக்கு விளம்பரம் செய்ய இல்லை. நம்மவர்கள் பலர் இதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்கிறார்கள். இன்னும் பலர், காலேஜ் அப்ளிகேஷனில் எழுத ஒரு வரி என்கிறார்கள். இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று இதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பாடம்: மூச்சை அடக்காதே

பயப்படுகிற பெற்றோருக்காக முதலில் விதிகள். உலகம் முழுக்க அதிகம் பேர் சேரும் பாடி அமைப்பின் முறைப்படி, 10 வயதிலிருந்து ஜூனியர் சான்றிதழ் வாங்கலாம். 10, 11 வயதுப் பிள்ளைகள் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கூடவே பெற்றோரோ தொழில்முறைப் பயிற்சியாளரோ இருக்க வேண்டும். 12 முதல் 14 வயது வரை 18 மீட்டர். அப்போதும் சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 15 வயதில்தான் முழுச் சான்றிதழ். அதற்கும் முன்னால் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், எதையும் பிடிக்காமல் 10 நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும். காது, ஆஸ்துமா, இதயம் என்று ஒரு நீளமான மருத்துவக் கேள்விப் பட்டியலும் உண்டு. சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று வந்தால் டாக்டரைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்க முடியாது.

என் மகள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் நன்றாகவே நீந்துவாள். அவளைக் கஷ்டப்படுத்தியது அந்தப் பத்து நிமிஷ மிதத்தல்தான். சும்மா இருப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு கடினம் போல.

அடுத்த ஆறு வாரம் குளத்தில்தான். கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, தண்ணீருக்குள்ளேயே அதை ஊதி வெளியேற்றுவது. வாயிலிருந்து கழன்ற மூச்சுக் குழாயைத் தேடிப் பிடித்து மறுபடி கடிப்பது. காற்று தீர்ந்தால் ஜோடியின் காற்றைப் பகிர்வது. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி: எந்த நேரத்திலும் மூச்சை அடக்கக் கூடாது. காரணம் பாயில் விதி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது. நான் பதினொன்றாம் வகுப்பில் பாயில் விதியை ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தேன். மார்க்கும் வாங்கினேன். என் மகள் அதை நெஞ்சுக்குள் வைத்துப் படித்தாள்.

முதல் திறந்தவெளி டைவ் கடலில் நடக்கவில்லை. ஃபுளோரிடாவின் வடக்குப் பகுதியில் பூமிக்கடியிலிருந்து பொங்கி வருகிற சுனைகள் நிறைய உண்டு. வருஷம் முழுக்க 22 டிகிரி, தண்ணீர் கண்ணாடி மாதிரி. அப்படி ஒரு சுனையில் அவள் இறங்கினாள். நான் மரப்படியில் உட்கார்ந்து மேலே வந்த குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குமிழி வருகிற வரைக்கும் அவள் மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குத் தெரிந்த கடல் அறிவியல் அவ்வளவுதான்.

ஒன்று, சில, பல, ஏராளம்

டைவிங் என்பது பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் மாதிரி. போய்ச் சேர்ந்த பிறகுதான் படிப்பு. பிளாஸ்டிக் பலகை ஒன்று, அதில் கட்டிய பென்சில், 30 மீட்டர் அளவு நாடா, பிவிசி குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம். இவைதான் அவர்களின் ஆய்வுக்கூடம். நாடாவை அடித்தரையில் விரித்து, குறிப்பிட்ட இடைவெளியில் சட்டத்தை வைத்து, அதற்குள் எவ்வளவு பவளம், எவ்வளவு பாசி, எவ்வளவு வெறும் மணல் என்று எழுத வேண்டும்.

மீன் எண்ணுவதற்கு வேறு முறை. 1990இல் தொடங்கப்பட்டு, கீ லார்கோவிலிருந்து இயங்கும் ரீஃப் என்ற தன்னார்வ அமைப்பு, டைவ் செய்கிற சாதாரண மக்களை வைத்தே மீன் கணக்கெடுத்து வருகிறது. ஓடுகிற மீனைத் துல்லியமாக எண்ண முடியாது என்பதால் நான்கே பிரிவுகள்: ஒன்று, இரண்டு முதல் பத்து வரை 'சில', நூறு வரை 'பல', அதற்கு மேல் 'ஏராளம்'. எவ்வளவு எளிமை பாருங்கள். ஆனால் மீனின் பெயர் தப்பாக இருந்தால் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. அதனால் என் மகள் கிளிமீனில் ஆண் எது, பெண் எது, குஞ்சு எது என்று ஃபிளாஷ் கார்டு போட்டுப் படித்தாள். மூன்றும் மூன்று நிறம்.

என்னை அசத்தியது இன்னொரு விஷயம். ஒரே நாடாவின் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் போவார்கள். மேலே வந்து பலகையில் இருப்பதைத் தாளில் எழுதி முடிக்கும் வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஒப்பிடுவார்கள். எண் வேறுபட்டால் யாரையும் திட்டுவதில்லை. எவ்வளவு வேறுபாடு என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதிவைக்கிறார்கள். ஆபீஸில் டேட்டா குவாலிட்டி என்று மணிக்கணக்கில் மீட்டிங் போடுகிறோமே, அதை இந்தப் பிள்ளைகள் ஈரத் தலையோடு படகில் உட்கார்ந்து செய்கிறார்கள்.

நடுவில் லயன்ஃபிஷ் வந்தது. இந்துமாக்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழ்கிற மீன் அது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அலங்காரத் தொட்டிகளில் வளர்த்தவர்கள் கடலில் விட்டிருக்கலாம் என்கிறார்கள். 1985இல் ஃபுளோரிடா கரையில் முதலில் பதிவானது. இங்கே அதைத் தின்ன ஆள் இல்லை. அதுவோ கண்ணில் பட்ட சின்ன மீனையெல்லாம் தின்கிறது. பெரியவர்கள் ஈட்டியால் பிடித்து வந்ததைப் பிள்ளைகள் வகுப்பில் அறுத்து, வயிற்றில் என்ன இருக்கிறது என்று எழுதினார்கள். விஷ முள் 18, அதை வெட்டிவிட்டால் நல்ல சதை. எங்கள் வீட்டில் நாகப்பட்டின மசாலா போட்டு வறுத்தோம். "நம்ம ஊர்க் கடல்லேர்ந்து வந்த மீனும் இங்க வந்து பிரச்சினை பண்ணுது, நம்மளும் இங்க வந்திருக்கோம்" என்றார் கணவர். மகள் சிரிக்கவில்லை. "நம்ம யாரையும் சாப்பிடலப்பா" என்றாள்.

நட்டதெல்லாம் செத்துப்போனால்?

இனிதான் சொல்ல வந்தது.

ஃபுளோரிடாவின் பவளப்பாறை கரையோரமாகக் கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர் நீளம். அதைக் கட்டி எழுப்பியதில் முக்கியமானவை எல்க்ஹார்ன், ஸ்டாக்ஹார்ன் என்ற இரண்டு மான்கொம்புப் பவளங்கள். பவளம் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே போதும், பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். நோய், சூடு, அழுக்கு என்று பல காரணங்களால் இந்த இரண்டு இனமும் பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தன. 2006இல் அமெரிக்க அரசு அவற்றை அச்சுறுத்தலில் உள்ள இனங்களாக அறிவித்தது. அதனால் நர்சரியில் வளர்த்துத் திரும்ப நடும் வேலை பெரிய அளவில் நடந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதில் கைகொடுத்தார்கள்.

2023 கோடையில் கடல் கொதித்தது. அந்த ஜூலையில் மனாட்டி பே என்ற இடத்து மிதவை 38.4 டிகிரி காட்டியதை எல்லா டிவியும் சொன்னது. அது கரையோரத்து ஆழமில்லாத, கலங்கலான தண்ணீர். பவளப்பாறையின் வெப்பம் அதுவல்ல. இதையும் என் மகள்தான் எனக்குத் திருத்திச் சொன்னாள். ஆனால் பாறையிலும் வெப்பம் வாரக்கணக்கில் எல்லை தாண்டியே இருந்தது. விஞ்ஞானிகள் நர்சரிப் பவளங்களை அவசர அவசரமாக எடுத்துக் கரையில் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். பாறையில் நட்டவற்றை எடுக்க முடியவில்லை.

போன ஜூலையில் என் மகளின் குழு கீஸ் தீவுகளுக்குப் போனது. டாம்பாவிலிருந்து காரில் ஏழு மணி நேரம். பெற்றோரில் நானும் போயிருந்தேன்; படகில்தான், தண்ணீரில் இறங்கவில்லை. முன்பு இருந்த பிள்ளைகள் ஸ்டாக்ஹார்ன் நட்ட ஒரு இடத்தைக் கணக்கெடுப்பதுதான் வேலை. ஆழம் ஏழு மீட்டர்தான். நட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்ட தகடு ஆணியடித்து இருக்கும். மகளுக்கும் அவள் ஜோடிக்கும் 20 தகடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே உயிர் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும்.

மேலே வந்து பலகையை நீட்டினாள். 20 வரி. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. கடைசியில் மொத்தம்: பூஜ்யம்.

அன்று சாயந்திரம் தங்கியிருந்த அறையில் கேட்டாள்: "செத்துப்போச்சுன்னு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்ல? அப்புறம் எதுக்கும்மா ஒவ்வொண்ணா எண்ணணும்?"

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, அதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். 2004இல் அந்த அலைக்குப் பிறகு பல நாள் அவர் வீட்டுக்கு வரவில்லை. பெரிய நோட்டில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நீலப் பாவாடை, கையில் கண்ணாடி வளையல், வயது எட்டு இருக்கலாம். வீட்டுக்கு வந்த அன்று, இப்படி எழுதி என்ன ஆகப்போகிறது என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். அப்பா சொன்னார்: "பேர் தெரியலன்னாலும் ஒரு வரி எழுதணும்மா. எழுதலன்னா அவங்க இந்தப் பூமிக்கு வரவே இல்லைன்னு ஆயிடும்." என் தோழியின் பெயர் அந்த நோட்டில் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மனித உயிரையும் பவளத்தையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. கணக்கு என்பது ஜெயிப்பதற்காக மட்டும் எழுதுவதில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தகடு 11 ஓரத்துல கொஞ்சம் பழுப்பா இருந்துச்சு. நான் அவசரத்துல இல்லைன்னு எழுதிட்டேன். நாளைக்குத் திரும்பிப் பாக்கணும்" என்றாள். மறுநாள் பயிற்சியாளரோடு இறங்கிப் பார்த்தாள். அது பாசிதான். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. ஆனால் இப்போது அது நம்பத் தகுந்த பூஜ்யம்.

2025 அக்டோபரில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2023 வெப்ப அலைக்குப் பிறகு ஃபுளோரிடா பாறையில் 50,000க்கும் மேற்பட்ட மான்கொம்புப் பவளங்களை டைவர்கள் நேரில் பார்த்துக் கணக்கெடுத்திருந்தார்கள். கீஸ் தீவுகளிலும் டிரை டார்ட்டூகாஸிலும் செத்தவை கிட்டத்தட்ட 98 முதல் 100 சதவீதம். வடக்கே, தண்ணீர் சற்றுக் குளிர்ந்திருந்த பகுதியில் இழப்பு குறைவு. அங்கங்கே ஒன்றிரண்டு உயிரோடு இருந்தாலும், பாறையைக் கட்டுகிற வேலையைச் செய்ய முடியாத நிலைக்கு இந்த இனங்கள் இங்கே போய்விட்டன என்பது முடிவு. செய்தியைப் படித்த மகள் கேட்ட முதல் கேள்வி: "வடக்குல உயிரோட இருக்கிறது எதுன்னு எழுதி வச்சிருக்காங்களா?" எழுதி வைத்திருக்கிறார்கள். இனிமேல் நடுவதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அந்தக் கணக்குதான் ஆதாரம்.

எழுதாத கணக்கு எப்படி ஏமாற்றும்

லோரன் மெக்லெனஹன் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கீ வெஸ்டில் சுற்றுலாப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் பிடித்த மீனை வரிசையாகத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பல பத்தாண்டுகளின் போட்டோக்களைச் சேர்த்து, மீன்களின் அளவை அவர் கணக்கிட்டார். 1956இல் ஒரு மீனின் சராசரி எடை கிட்டத்தட்ட 20 கிலோ. 2007இல் 2.3 கிலோ. ஆனால் போட்டோவில் நிற்பவர்களின் சிரிப்பு மட்டும் அளவு குறையவே இல்லை. 2007இல் வந்தவருக்கு அந்தச் சின்ன மீனே பெரிய மீன்.

அப்பா, தன் சின்ன வயதில் நாகை துறைமுகத்தில் வஞ்சிரம் தோள் உயரத்துக்கு வந்தது என்பார். "ஆரம்பிச்சிட்டாருப்பா" என்று சிரிப்போம். அவர் சொன்னது நிஜமா மிகையா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும், தான் பிறந்தபோது பார்த்ததுதான் இயல்பு என்று நினைத்துக்கொள்கிறது. அந்த ஏமாற்றத்திலிருந்து அடுத்த தலைமுறையைக் காப்பாற்ற, இன்றைக்கு ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை பலகையில் எழுதுகிற 'சில', 'பல' போதும்.

கணக்கெழுதுவது எப்போதும் தோல்விக் கதை மட்டும் இல்லை. எங்கள் டாம்பா விரிகுடாவில் 1950களில் இருந்த கடற்புல்லில் கிட்டத்தட்ட பாதி, 1980களுக்குள் அழிந்துவிட்டது. காரணம் சாக்கடை. அளந்தார்கள், காரணத்தைக் காட்டினார்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குச் சட்டம் வந்தது. தண்ணீர் தெளிந்து, 2010களின் நடுவில் கடற்புல் 1950களின் அளவை எட்டியது. பிறகு மறுபடி குறைய ஆரம்பித்தது. அதுவும் அளந்ததால்தான் உடனே தெரிந்தது. இதே விரிகுடாவின் பக்கத்து ஊரான டனீடனுக்குத்தான் சில்வியா ஏர்ல் 12 வயதில் குடும்பத்தோடு வந்தார். வீட்டு வாசலில் இருந்த கடலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர், பின்னாளில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் முதல் பெண் தலைமை விஞ்ஞானி ஆனார்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

தீபாவளி பார்ட்டியில் ஒரு நண்பர் கேட்டார்: "இது காலேஜ் அப்ளிகேஷனுக்கு யூஸ் ஆகுமா?" ஆகலாம். ஆனால் அதற்காகவே அனுப்பினால் பிள்ளை இரண்டாவது மாசமே கண்டுபிடித்துவிடும். பூஜ்யத்தை ஒழுங்காக எழுதுகிற பிள்ளை, பரிசு வாங்குவதற்காக மட்டும் எழுதாது. ஸ்பெல்லிங் பீ, கணிதப் போட்டி, கோடிங் வகுப்பு எல்லாவற்றிலும் சரியான விடை ஒன்று எங்கேயோ தயாராக இருக்கிறது. பிள்ளை அதைக் கண்டுபிடித்தால் கைதட்டு. கடலடியில் விடைத்தாள் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு இடம் ரொம்பக் குறைவு.

செலவு? சேரும் கட்டணம், கண்ணாடி, துடுப்புக் காலணி, படகு, பயணம் எல்லாம் சேர்த்தால் சிறிய தொகை இல்லைதான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குச் செலவழிப்பதில் அது ஒரு மூலைக்கு வராது. எல்லா வீட்டிலும் அந்த வசதி இல்லை என்பதும் உண்மை. அதற்குத்தான் சங்கங்கள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

"பிள்ளைங்க போய் மிதிச்சு பவளம் உடையாதா?" நியாயமான கேள்வி. கத்துக்குட்டி டைவரின் கால் துடுப்பு பட்டு, பல வருஷம் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் உடையும். அதனால்தான் மகளின் குழுவில், குளத்தின் அடியில் சட்டத்தை வைத்து அதன் மேல் தொடாமல் அந்தரத்தில் நிற்கத் தெரிந்த பிறகே பாறைப் பக்கம் விடுகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்காத இடமாக இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

"கடலைக் காப்பாத்த ஏழு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போறீங்களே?" இதுவும் நியாயம்தான், குத்துகிறது. பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் உறிஞ்சிக்கொள்கிறது. நாம் எரிப்பதைக் குறைக்காமல் பவளத்தை மட்டும் நட்டுக்கொண்டே போனால், மறுபடி 20 தகடு, மறுபடி பூஜ்யம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. மறைத்து, "நட்டா போதும், கடல் பிழைச்சிடும்" என்று சொல்லி போட்டோ எடுத்து அனுப்புகிற குழுக்களும் இருக்கலாம். சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் நட்டதில் எத்தனை பிழைத்தது?" எண் சொன்னால், அது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும், நல்ல குழு.

இங்கேயும் ஊரிலும்

எல்லாப் பிள்ளையும் ஸ்கூபா போட வேண்டியதில்லை. நீந்தத் தெரிந்தே ஆக வேண்டும். ஏரியும் குளமும் கடலும் சூழ்ந்த ஃபுளோரிடாவில் இருந்துகொண்டு, அபார்ட்மென்ட் குளத்தின் ஓரத்தில் செருப்போடு உட்கார்ந்திருக்கிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கை, பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும் நீச்சல் வகுப்புக்கு ஒதுக்கலாம். வருஷத்துக்கு வசதி குறைந்த இரண்டு பிள்ளைகளின் கடல் பயிற்சிக் கட்டணத்தை ஏற்கலாம். தமிழ்ப் பள்ளியில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் கடற்கரைக்கு மாற்றலாம். நண்டு, சங்கு, கடற்புல்லைத் தமிழில் பெயர் சொல்லி எண்ணச் சொல்லலாம்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது கோயில், ஜவுளிக்கடை, சொந்தக்காரர் வீடு என்று ஓடுகிறோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது. அவற்றில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அங்கேயும் 2010இலும் 2016இலும் பவளம் வெளுத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே பல வருஷமாகப் பவளம் நட்டுக் கணக்கெடுத்து வருகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காற்று உருளை எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில் முங்கிக் கடல்பாசி எடுக்கிற ராமேஸ்வரத்துப் பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சங்குகுளி என்றும் முத்துக்குளி என்றும் ஒரு தொழிலுக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. கடலுக்குள் போவது நமக்குப் புதிதில்லை; எனக்கு மாதிரி, பயந்து கொஞ்ச காலம் விட்டுவிட்டோம்.

இந்த வருஷப் படிவம் போன வாரம் வந்தது. அதே மூன்றாம் பக்கம், அதே சொல், அதே இரண்டு இடம். படித்துவிட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மகளின் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு டிசம்பரில் நாகைக்குப் போகிறோம். தாத்தாவின் வஞ்சிரக் கதையை அளவோடு கேட்டு எழுத வேண்டுமாம். அதற்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள். நான் செவ்வாய்க்கிழமை சாயந்திரங்களில் நீச்சல் பழகுகிறேன். மிதக்க வேண்டியது பத்து நிமிஷம். இப்போதைக்கு நான்கு.